"சமாளிக்கிறன்" என்று சொல்லி முடிக்காதீர்கள்

நீண்டகால வருத்தம் உள்ளவர்களுக்கான அரச கொடுப்பனவு பற்றி, நல்லூரில் ஊர் திரும்பிய குடும்பங்களுக்கான தகவல் கூட்டமொன்றில் ஆற்றிய உரை

பின்னுக்கு நிற்கிறவர்கள் முன்னுக்கு வந்து கதிரையில் இருங்கள். நாரி நோவோடும் முழங்கால் நோவோடும் வந்தவர்களை நிற்க வைத்துக்கொண்டு இந்த விசயத்தைப் பேசுவது சரியில்லை.

முதலில் நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியரும் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. பக்கத்தில், திருநெல்வேலியில் இருக்கிற பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் படித்தவள். எங்கள் நிறுவனத்தில் என் வேலை எழுதுவது: அறிவித்தல், கடிதம், உங்கள் கையில் இருக்கிற இந்தக் கைந்நூல். கொடுப்பனவு வழங்கும் அதிகாரம் எனக்கும் இல்லை, எங்கள் நிறுவனத்துக்கும் இல்லை. அதை வழங்குவது அரசாங்கம். ஆனால் நிரப்பிய படிவங்களையும், திரும்பி வந்த படிவங்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். அவை ஏன் திரும்பி வருகின்றன என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. அதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

எங்கள் பெரியம்மாவின் கதையிலிருந்து தொடங்குகிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நடந்ததே, அந்தக் கூட்டத்தில் அவரும் ஒருவர். தென்மராட்சியில் சில மாதம், பிறகு வன்னி. அங்கே இடுப்பில் ஒரு செல் துண்டு ஏறியது. அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பின்னாளில் சீனி வருத்தம் வந்து, வலது காலில் விரல்களும் எடுக்கவேண்டி வந்தது. பல வருடங்களுக்கு முன், வேறோர் ஊரில் இருந்தபோது, கொடுப்பனவுக்கு விண்ணப்பித்தார். வீட்டைப் பார்க்க உத்தியோகத்தர் வருவார் என்று சொல்லியிருந்தார்கள்.

பெரியம்மா என்ன செய்தார் தெரியுமா? விடிய ஐந்து மணிக்கு எழும்பி முழுகினார். நல்ல சேலை உடுத்தினார். அயல்வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு முற்றம் கூட்டுவித்தார். வந்தவருக்குத் தேத்தண்ணீரும் கொடுத்தார். அவர் கேட்டார்: "சமைக்கிறீங்களோ அம்மா?" "ஓம் தம்பி, சமைக்கிறன்." "நடப்பீங்களோ?" "முருகன் விட்ட வழி, நடக்கிறன்." "உதவிக்கு ஆரும் இருக்கினமோ?" "எனக்கென்ன உதவி தம்பி, சமாளிக்கிறன்."

அவர் கேட்டதையே எழுதிக்கொண்டு போனார். விண்ணப்பம் திரும்பி வந்தது.

அந்த உத்தியோகத்தரை நான் குறை சொல்லமாட்டேன். பெரியம்மா சொன்னதில் பொய்யும் இல்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது எவ்வளவு! ஒருநாள் சமைத்து இரண்டு நாள் சாப்பிட்டதைச் சொல்லவில்லை. பானையை இறக்க அயல்வீட்டுப் பிள்ளை வரவேண்டும் என்பதைச் சொல்லவில்லை. இரவில் மலகூடத்துக்குப் போகப் பயந்து மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்காமல் இருந்ததைச் சொல்லவில்லை. இந்தக் கடைசி விசயம் எங்களுக்கே பிறகுதான் தெரியும்.

எங்கள் ஆட்களின் குணம் இது. இத்தனை இடப்பெயர்வைத் தாண்டி வந்தவர்களுக்கு, "முடியவில்லை" என்று அந்நியர் ஒருவர் முன்னால் சொல்வது பெரிய வெட்கமாக இருக்கிறது. அந்தக் குணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கொடுப்பனவுப் படிவத்தில் அது உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். இலங்கையில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். அது யாரை மாற்றுத்திறனாளி என்கிறது? பிறவியிலோ பிறகோ உடலின் அல்லது மனதின் ஆற்றலில் ஏற்பட்ட குறைவினால், தன் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ ஒரு பகுதியாகவோ தானாக நிறைவேற்றிக்கொள்ள முடியாதவரை. கவனியுங்கள், அதில் எந்த நோயின் பெயரும் இல்லை. கால் இல்லாதவர், கண் தெரியாதவர் என்று மட்டும் அது சொல்லவில்லை. "ஒரு பகுதியாகவோ" என்கிறது. "மனதின்" என்கிறது. ஆகவே சீனி, தொய்வு, வலிப்பு, பாரிசவாதம், இருதய வருத்தம், உள்ளே தங்கிவிட்ட செல் துண்டு, மனநோய் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: அந்த வருத்தத்தால் உங்கள் நாளில் எதை நீங்கள் தனியே செய்ய முடியாமல் போகிறது?

இது எங்கள் நாட்டில் மட்டும் உள்ள முறை அல்ல. இலண்டனில் உள்ள சொந்தக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே 2013 முதல் "பிப்" என்று ஒரு கொடுப்பனவு உண்டு. அதன் படிவமும் சமைப்பது, குளிப்பது, உடுப்பது, மருந்து எடுப்பது, வெளியே போய்வருவது என்று ஒவ்வொரு வேலையாகத்தான் கேட்கிறது. அங்கே இருக்கிற எங்கள் ஆட்களும் "சமாளிக்கிறன்" என்று எழுதிப்போட்டு, பிறகு மேன்முறையீடு செய்துகொண்டு திரிகிறார்கள். கடல் தாண்டினாலும் வாய் மாறவில்லை.

இனி, என்னென்ன கொடுப்பனவுகள் உண்டு என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2025 ஏப்ரல் முதல் 10,000 ரூபா. அதற்கு முந்திய வருடம் 7,500, அதற்கும் முன் 5,000. நாட்பட்ட சிறுநீரக நோயாளருக்கான கொடுப்பனவும் இதே தொகைதான். இவை இரண்டும் முதியோர் கொடுப்பனவும் இப்போது அஸ்வெசும திட்டத்துக்குள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அஸ்வெசும குடும்பக் கொடுப்பனவு வேறு. அது 2023 யூலை முதல் நடைமுறையில் உள்ளது. குடும்பத்தின் நிலையைப் பார்த்துப் புள்ளி போட்டு வழங்குவது. அந்தக் கணிப்பில் கல்வி, வீடு, சொத்து ஆகியவற்றோடு சுகாதாரமும் ஒரு பகுதி. வீட்டில் நீண்டகால நோயாளி அல்லது மாற்றுத்திறனாளி இருந்தால், கணக்கெடுக்க வருகிறவரிடம் அதைச் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. உள்ளறையில் படுத்திருக்கிற மாமியை வாசலில் நிற்கிறவர் எப்படிக் காண்பார்?

மாகாண சமூக சேவைகள் திணைக்களம் வழங்குவது இன்னொன்று. வருமானமில்லாத வறியவர்களுக்கான பொதுசன மாதாந்த உதவிப்பணம் ஒன்று. காசநோய், புற்றுநோய் போன்ற நோய்களுக்கான நோய் உதவி ஒன்று. தொகை பெரிதல்ல. இந்தப் பொதுசன உதவிப்பணத்துக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், நான் சொன்னால் சிரிப்பீர்கள். "பிச்சைச் சம்பளம்."

சிரித்துவிட்டீர்கள். சரி, ஆனால் இந்தப் பெயரால் எத்தனை பேர் விண்ணப்பிக்காமல் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். இந்த உதவியின் வேர் வெள்ளைக்காரன் காலத்து வறியோர் சட்டத்தில், 1939 இல் இருக்கிறது. அந்தக் காலத்து மனநிலையில் அது தருமமாக இருந்திருக்கலாம். 1996 ஆம் ஆண்டுச் சட்டமோ உரிமை என்ற சொல்லை வைத்தே எழுதப்பட்டது. 2016 பெப்ரவரியில் இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் ஏற்று உறுதிப்படுத்தியது. நீங்கள் கடையில் வாங்குகிற சீனியிலும் வரி கட்டுகிறீர்கள். கால் ஏலாதவருக்கு அதில் தள்ளுபடி இல்லை. ஆகவே அந்தப் பெயரை இனி வீட்டில் சொல்லாதீர்கள், பிள்ளைகளுக்கு முன்னால் கட்டாயம் சொல்லாதீர்கள்.

யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்கு இழப்பீடு என்பது இன்னொரு வழி. அதற்கு 2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இழப்பீட்டுக்கான அலுவலகம் இருக்கிறது. அது மாதாந்தக் கொடுப்பனவு அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்றுக்குப் பதிந்தால் மற்றதற்கும் பதிந்ததாக ஆகாது.

எங்கே போவது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். முதலில் உங்கள் பிரிவின் கிராம அலுவலர், வயதானவர்கள் இன்னும் விதானையார் என்கிறார்களே, அவர். நீங்கள் இந்தப் பிரிவில் வசிப்பதை அவர்தான் உறுதிப்படுத்த வேண்டும். ஊர் திரும்பி வந்து இன்னும் குடும்பப் பதிவை மாற்றாதவர்கள் இதை முதலில் செய்யுங்கள். பதிவு கிளிநொச்சியில், ஆள் அரியாலையில் என்றால் கோப்பு இரண்டு இடத்திலும் நகராது. அடுத்தது நல்லூர் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர். படிவம் அவரிடம். படிவத்துக்குக் காசு இல்லை. காசு கேட்டு யாராவது "நான் எடுத்துத் தாறன்" என்றால் கொடுக்க வேண்டாம். வெளிக்கள வேலைக்கு அவர்கள் போகிற நாட்களும் அலுவலகத்தில் இருக்கிற நாட்களும் வேறு வேறு. கேட்டுக்கொண்டு போனால் ஓட்டோக் காசு மிச்சம். கோயில் திருவிழாக் காலத்தில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகள் மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 25 நாளும் சுற்றித்தான் வரவேண்டும்.

பிறகு அரச வைத்தியரின் உறுதிப்படுத்தல். இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதிகமான விண்ணப்பங்கள் பலவீனமாவது இங்கேதான்.

பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கை உங்களுக்குத் தெரியும். விடியப் போய் இலக்கம் எடுத்து, பத்து மணிக்கு வைத்தியர் முன்னால் இருந்தால், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வாங்கில் இன்னும் நூறு பேர். அவர் பார்ப்பது உங்கள் சீனி அளவை, பிறசரை, காயத்தை. நீங்கள் கிணற்றடிக்கு எப்படிப் போகிறீர்கள் என்பது அவருடைய கொப்பியில் எங்குமே இல்லை. படிவத்தை நீட்டினால் அவர் தனக்குத் தெரிந்ததை எழுதுவார். அது நோயின் பெயர். நோயின் பெயர் மட்டும் எழுதிய படிவம் மேசையில் இருக்கும்போது, அதை வாசிக்கிற அதிகாரிக்கு என்ன தோன்றும்? "சீனி வருத்தம் ஊரில் எல்லாருக்கும்தானே இருக்கு."

ஆகவே கிளினிக்குக்குப் போகமுன் ஒரு கடதாசி எழுதிக்கொண்டு போங்கள். ஒரு பக்கம் போதும். எங்களிடம் வந்த ஒரு அம்மா முதலில் இப்படி எழுதியிருந்தார்: "எனக்கு 12 வருடமாகச் சீனி வருத்தமும் பிறசரும் உண்டு. காலும் நோ. கருணை கூர்ந்து உதவவும்." அவரோடு ஒரு மணி நேரம் இருந்து, காலை எழும்புவதிலிருந்து இரவு படுக்கும்வரை கேட்டு, இரண்டாவது தடவை எழுதியது இது:

"வலது காலில் மூன்று விரல்கள் எடுக்கப்பட்டுள்ளன. பாதத்தில் உணர்வு இல்லை, காயம் பட்டாலும் தெரியாது. வீட்டிலிருந்து கிணறு 20 அடி. சுவரைப் பிடித்துத்தான் போவேன். வாளி தூக்க முடியாது. மகள் பள்ளிக்கூடம் போகமுன் தண்ணீர் அள்ளி வைப்பாள். 10 நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாததால் கதிரையில் இருந்து சமைப்பேன். பானையை மகள் இறக்குவாள். கண் தெளிவில்லாதபடியால் இன்சுலின் ஊசியையும் அவளே போடுகிறாள். முன்பு தையல் வேலை செய்தேன். 2021 இலிருந்து செய்ய முடியவில்லை."

இரண்டும் ஒரே ஆள், ஒரே வருத்தம். இரண்டாவதில் "கருணை" என்ற சொல் இல்லை, கவனித்தீர்களா? தேவைப்படவில்லை.

இதைக் கேட்டுவிட்டு யாராவது கூட்டி எழுதலாம் என்று நினைக்க வேண்டாம். நடக்கிறவர் "படுக்கையில்தான்" என்று எழுதினால் வீட்டைப் பார்க்க வருகிற அன்றைக்கே பிடிபடும். அதோடு உண்மையாகப் படுக்கையில் இருக்கிற அடுத்த வீட்டாரையும் யாரும் நம்பமாட்டார்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எங்கள் சனம் பெரும்பாலும் செய்வது குறைப்பது.

நீண்டகால வருத்தத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. கால் இல்லாதவருக்கு எல்லா நாளும் கால் இல்லை. வலிப்போ தொய்வோ மூட்டுவாதமோ அப்படி அல்ல. நல்ல நாளும் உண்டு, கெட்ட நாளும் உண்டு. ஒரு தங்கைச்சிக்கு மாதத்தில் மூன்று நாள்தான் வலிப்பு வரும். மற்ற நாட்களில் அவள் உங்களையும் என்னையும் போலத்தான். அயல் என்ன சொல்லும்? "தேருக்கு வந்து வீதியில நிண்டவள்தானே, பிறகென்ன வருத்தம்?" ஆனால் எந்த மூன்று நாள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் 30 நாளும் அவள் தனியே கிணற்றடிக்குப் போக முடியாது, சைக்கிள் ஓட முடியாது, அடுப்படியில் தனியே நிற்க முடியாது. வேலைக்கும் எடுக்கமாட்டார்கள். மூன்று நாள் வருத்தம், 30 நாள் காவல்.

இப்படி உள்ளவர்கள் ஒரு சின்னக் கொப்பி வைத்திருங்கள். பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் மிச்சமுள்ள தாள்கள் போதும். திகதி போட்டு ஒரு வரி: இன்றைக்கு என்ன நடந்தது, யார் உதவினார்கள். இரண்டு மூன்று மாதம் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். எழுத ஏலாதவர்களுக்குப் பேரப்பிள்ளை எழுதட்டும். மருந்துக்கும் இது உதவும் என்று வைத்தியர்களே சொல்வார்கள்.

மனநோய் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்தில் யாரும் கை உயர்த்திக் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும், அதனால் நானே சொல்கிறேன். சட்டத்தில் மனதின் ஆற்றல் என்று தெளிவாக இருக்கிறது. நித்திரை இல்லாமல், வெளியே வராமல், சத்தம் கேட்டால் நடுங்கிக்கொண்டு, சமைக்க மறந்து, குளிக்க மறந்து இருக்கிற ஆள் உங்கள் வீட்டில் இருந்தால், அது சோம்பலும் இல்லை, செய்வினையும் இல்லை. யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பளை ஆதார வைத்தியசாலையிலும் மனநல சிகிச்சை உண்டு. சிகிச்சைக்குப் போகவேண்டும் என்பதுதான் முதல் காரணம். கொடுப்பனவு இரண்டாவது. ஆனால் சிகிச்சைப் பதிவு இல்லாமல் கொடுப்பனவும் இல்லை. இப்படிப்பட்டவர் தன் நிலைமையைத் தானே சொல்லமாட்டார். உத்தியோகத்தர் வரும்போது பராமரிக்கிறவர் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது நீங்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி: "கடதாசி ஒண்டும் இல்லையே பிள்ளை."

தெரியும். ஓடும்போது பிள்ளையைத் தூக்குவார்களா, கிளினிக் கொப்பியைத் தூக்குவார்களா? ஆனால் கடதாசி உங்களிடம் இல்லை என்பதற்காக எங்குமே இல்லை என்று ஆகாது. 2009 இல் புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கம் கப்பலில் ஏற்றிய காயக்காரர்கள் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் போனார்கள். அங்கிருந்து வவுனியாவுக்கும் வேறு வைத்தியசாலைகளுக்கும் மாற்றப்பட்டவர்கள் பலர். எந்த வைத்தியசாலை, ஏறக்குறைய எந்த மாதம், வார்ட்டில் எத்தனை நாள் மறித்தார்கள் என்பதை ஞாபகப்படுத்தி எழுதுங்கள். அந்த வைத்தியசாலையின் பணிப்பாளருக்குப் பதிவின் பிரதி கேட்டுக் கடிதம் எழுதலாம். கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டாலும் கதை முடிந்துவிடாது, ஏனென்றால் கொடுப்பனவுக்குத் தேவையானது இன்றைய நிலைமை. தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. செல் துண்டு எக்ஸ்ரேயில் இன்றைக்கும் தெரியும். இங்கே கிளினிக்கில் புதிதாகப் பதிந்து, புதிய கொப்பி எடுத்து, ஒழுங்காகப் போய் வந்தால் சில மாதத்தில் உங்களுக்கு ஒரு பதிவு உருவாகிவிடும். "பழைய கடதாசி வந்த பிறகு போவம்" என்று வருடக்கணக்கில் இருந்தவர்களைக் கண்டிருக்கிறேன். அப்படி இருக்காதீர்கள்.

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பியவர்களுக்கு: அங்கே தந்த மாற்றுத்திறனாளி அட்டையை வைத்து இங்கே கொடுப்பனவு எடுக்க முடியாது. அது அந்த அரசின் அட்டை. ஆனால் எறியாதீர்கள். அதையும், அங்கத்தைய ஆஸ்பத்திரி தந்த சீட்டுகள், ஸ்கான் படங்கள் எல்லாவற்றையும் இங்குள்ள வைத்தியரிடம் கொண்டுபோங்கள். அவருக்கு அது நல்ல ஆதாரம், உங்களுக்குத் திரும்பப் பரிசோதனைச் செலவும் மிச்சம். அங்கே பிறந்த பிள்ளைக்குத்தான் வருத்தம் என்றால் முதலில் பிள்ளையின் பிறப்புப் பதிவும் இலங்கைப் பிரசாவுரிமையும் சரியாக இருக்க வேண்டும். அந்த அலுவலைப் பற்றி இந்தக் கைந்நூலில் வேறு பகுதி இருக்கிறது. இங்கே நீட்டவில்லை.

வெளிநாட்டுக் காசு. இதையும் மறைக்காமல் பேசுவோம். குடும்ப வருமானத்தைப் பார்ப்பார்கள். "தம்பி கனடாவில" என்றால் மாதாமாதம் இலட்சம் வருகிறது என்று ஊர் நினைக்கும். உண்மையில் தைப்பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருகிற காசாக இருக்கலாம், அதுவும் மருந்துக்குப் போகலாம். "ஒருவரும் இல்லை" என்று பொய் சொல்லாதீர்கள். எப்போது, எவ்வளவு, எதற்காக வருகிறது என்று உள்ளபடி சொல்லுங்கள். கடைசியாக எப்போது வந்தது என்பதற்கு வங்கிப் புத்தகம் சாட்சி சொல்லும்.

கொடுத்தாகிவிட்டது. இனிக் காத்திருப்பு. தகுதி உண்டு என்று முடிவானாலும் காத்திருப்போர் பட்டியலில் இருக்கவேண்டி வரலாம். அது நிராகரிப்பு அல்ல. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எதைக் கொடுத்தாலும் அதன் போட்டோக் கொப்பி ஒன்று வீட்டில் இருக்கட்டும், கொடுத்த திகதியை அதன் மேலே எழுதி வையுங்கள். இதை ஒரு தலைப்பாகப் பேச வேண்டுமா என்று எங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். திகதி தெரியாததால் மூன்று தடவை புதிதாக விண்ணப்பித்த ஒரு ஐயா இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் வரிசையின் கடைசி ஆள்.

நிராகரித்தால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் "உங்களுக்கு இல்லையாம் அம்மா" என்பது பதில் அல்ல. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இலங்கைப் பிரசை யாரும் எழுதிக் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும். தமிழிலேயே எழுதலாம், தமிழ் அரசகரும மொழி. சண்டை பிடிக்கிற தொனி தேவையில்லை: இந்தத் திகதியில் இந்த விண்ணப்பம் தந்தேன், அதன் நிலை என்ன, நிராகரிக்கப்பட்டிருந்தால் காரணம் என்ன. இவ்வளவே. காரணம் தெரிந்தால்தான் மேன்முறையீட்டில் எதைத் திருத்துவது என்று தெரியும். 2023 இல் அஸ்வெசும பெயர்ப்பட்டியல் வந்தபோது நாடு முழுவதிலும் இலட்சக்கணக்கானோர் மேன்முறையீடு செய்தார்கள். சிங்களச் சனமும் செய்தது, மலையகச் சனமும் செய்தது. மேன்முறையீடு செய்தால் விதானையார் கோவிப்பார் என்று பயப்படுகிறவர்கள் எங்கள் பக்கம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்கும் அது ஒரு கோப்புத்தான். அதற்கும் பிறகு சிக்கல் என்றால் யாழ்ப்பாணத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகமும் சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கின்றன.

காசு மட்டும்தான் உதவி என்றும் நினைக்காதீர்கள். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காது கேட்கும் கருவி, சுயதொழில் உதவி, மலகூடத்தைத் திருத்துவதற்கான உதவி ஆகியவற்றுக்கும் அதே சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேட்கலாம். செயற்கைக் காலுக்கு யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனம் நீண்டகாலமாக வேலை செய்கிறது. பழைய கால் அளவில்லாமல் மூலையில் கிடக்கிறவர்கள் அங்கே போய்த் திருத்துங்கள்.

பெரியம்மா பற்றி முடிக்கவில்லை. அவர் ஊர் திரும்பிய பிறகு இரண்டாம் தடவை விண்ணப்பித்தார். உத்தியோகத்தர் வந்த அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன். "சமைக்கிறீங்களோ அம்மா?" என்ற கேள்வி திரும்பவும் வந்தது. பெரியம்மா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வா தம்பி, காட்டுறன்" என்று எழும்பினார். கதிரையிலிருந்து குசினிக்குப் பதினைந்து அடி இருக்கும். சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் போய்ச் சேரும்வரை அந்தத் தம்பி பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். போன பிறகு பெரியம்மாவுக்கு என்னில் கோபம், வந்தவருக்குத் தேத்தண்ணீர்கூடக் கொடுக்க விடவில்லை என்று. ஏழு மாதம் கழித்துக் கொடுப்பனவு வந்தது. முதல் மாதக் காசில் மலகூடத்துக்குக் கைப்பிடி போட்டோம். இப்போது இரவிலும் தண்ணீர் குடிக்கிறார்.

பின்னுக்கு இருக்கிற மேசையில் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். படிவம் நிரப்ப உதவுவார்கள், அந்த ஒரு பக்கக் கடதாசியையும் உங்களோடு இருந்து எழுதுவார்கள். அடையாள அட்டையும் கிளினிக் கொப்பியும் கொண்டு வந்தவர்கள் எடுத்து வையுங்கள். கொண்டுவராதவர்கள் பெயரையும் பிரிவையும் பதிந்துவிட்டுப் போங்கள், வீட்டுக்கு வருகிறோம். அந்த ஊன்றுகோலோடு இருக்கிற ஐயா எழும்ப வேண்டாம். மேசையை நாங்கள் உங்களிடம் கொண்டு வருகிறோம்.